பையில் கிடந்த முகவரி நோட்டு

செபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கரையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்துபோய், கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் ஒரு இறையியல் பத்திரிகை ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பெரிய படிப்பாளிகள் படிப்பது. எனக்கு ஒரு வரி விளங்காது. உறையில் போட்டு, முகவரிச் சீட்டு ஒட்டி, தபாலில் சேர்ப்பது என் வேலை. இதழ் திரும்பி வந்தால் தபால்காரரிடம் விசாரித்து, பழைய முகவரியே அச்சாகி வரும் சீட்டில் ஒவ்வொரு முறையும் அதை அடித்துவிட்டுப் புது முகவரியைப் பேனாவால் எழுதுவேன். எனக்கென்று ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன தவக்காலத்தில் பத்திரிகையை அச்சடித்து அனுப்பும் பொறுப்பு சென்னையில் ஒரு புதுப் பதிப்பகத்துக்குப் போனது. கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலை அனுப்பினார்கள். என் திருத்தம் ஒன்றும் அதில் இல்லை. முதல் இதழ் மூட்டையாகத் திரும்பி வந்தது. வாசகர் இல்லாத பத்திரிகை எதற்கு, அடுத்த இதழோடு நிறுத்திவிடலாம் என்று பதிப்பகத்தார் கடிதம் போட்டார்கள்.

ஆசிரியர் சாமிக்கு அந்தப் பத்திரிகைதான் உயிர். "எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க போலம்மா. யாருக்குன்னு தெரியாமயே எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அவர்கள் போய்ச் சேரவில்லை, வீடுதான் மாறினார்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டு என் பையிலேயே இருந்தது. எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. யாரைக் கேட்டு அடித்து எழுதினாய் என்று கேட்டுவிட்டால்? ஒன்பது நாள் மாதா முன் அழுதேன். தாயே, என் வாயைத் திற, இல்லை என்னை எடுத்துக்கொள் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. மாதாவும் என்னைக் கைவிட்டாள் என்றே நினைத்தேன்.

பத்தாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வயதான சமஸ்கிருத வாத்தியார் பஸ் ஏறி வந்தார். எங்கள் பத்திரிகையின் பழைய வாசகர். முன்பு வீடு மாறியபோது ஆபீஸ் வாசலில் புது முகவரியை என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தம்மாகிட்ட சொன்னப்பறம் ஒரு இதழ் தப்பினதில்லை. இப்போ மட்டும் ஏன் வரலை? நான் இன்னும் பரமபதம் போகலையே" என்று சாமியிடம் கேட்டார்.

சாமி என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எல்லாரும் இதுல இருக்காங்க சாமி. சொல்லாதது என் தப்பு."

சாமி திட்டவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நோட்டைப் பார்த்து அனுப்பிய அடுத்த இதழ் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை நிற்கவில்லை.

என் வேலை நின்றுவிட்டது. உறை ஒட்டுவது இப்போது சென்னையில். காலையில் எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் மனசு மிகவும் இருண்டுபோகிறது. ஆனாலும் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இப்போது ஒரு வரி செபம் வாய்விட்டுச் சொல்கிறேன். மாதாவுக்கு நன்றி.

பயத்தில் எதையாவது மூடி வைத்திருக்கிறீர்களா? அவளிடம் அழுங்கள். ஆள் அனுப்புவாள். எனக்குப் பெருமாளைக் கும்பிடுகிறவரை அனுப்பினாள்.