அரை இஞ்ச் அக்கா

"நேராப் போங்க. கடைசி ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. கீழ பாக்காதீங்க, கீழ ஒண்ணும் சிந்தல."

தபால்காரர் போகிறார். அவருக்குப் பிறவியிலேயே இடது கால் ஓர் இஞ்ச் குட்டை. புது ஷூ போட்டிருக்கிறார். தேர்வு எழுதப் போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். அவர் திரும்பி வந்ததும் ஒரே கேள்வி.

"ஜன்னல்ல என்ன பாத்தீங்க?"

"ஜன்னலா? நான் ஷூவைத்தாங்க பாத்துக்கிட்டே வந்தேன்."

"கழட்டுங்க."

கழற்றிய ஷூவின் குதிகாலைச் சாணைச் சக்கரத்தில் வைத்து நூல் அளவு தேய்க்கிறாள். மறுபடி நடை. மறுபடி கேள்வி. இந்தத் தடவை தபால்காரர் வரும்போதே பேசிக்கொண்டு வருகிறார்: "எதிர்ல ஒருத்தன் ஏணி மேல நின்னு போன் பேசறான். கீழ பெயிண்ட் டப்பா கவுந்து ஓடுது. அவனுக்கு இன்னும் சேதி தெரியாது."

"சரியாயிடுச்சு. வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான் அவளுடைய பரிசோதனை. காலில் போட்டிருப்பதை மறந்துவிட்டு ஊரை வேடிக்கை பார்த்தால் ஷூ தேறியது. ஷூவையே நினைத்துக்கொண்டு நடந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயில்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், தாழ்வாரம் முடிகிற இடத்தில், அவளுடைய அறை. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், விபத்தில் எலும்பு சேர்ந்தும் நடை சேராதவர்கள் எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வார்கள். பசை நெடி. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் கால்கள். ஒரு காலின் கட்டைவிரலுக்கு மட்டும் ரோஸ் கலர் நகப்பூச்சு பூசி வைத்திருக்கிறாள். யாருடையது என்று கேட்டால், "பெரிய டாக்டரோடது, வெளிய சொல்லாதீங்க" என்பாள். பெரிய டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

"அரை இஞ்ச்ல மனுசன் விழுவான், அரை இஞ்ச்ல எழுந்திருப்பான்" என்பது வாய்க்கு வாய் வருகிற பேச்சு. பெயர் அப்படித்தான் வந்தது. ஆடுகிற மேசையைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. கைப்பையில் எப்போதும் ரப்பர் துண்டுகள் வைத்திருப்பாள். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் முதலில் மேசைக் காலுக்கு ஒன்று செருகிவிட்டுத்தான் காப்பி சொல்வாள். அந்தத் தெருவில் உள்ள கடைகளில் இப்போது எதுவும் ஆடுவதில்லை.

அவளுடைய உயரம் நாலடி பத்து. ஊருக்கெல்லாம் ஷூ செய்கிறவள் தனக்கு வாங்குவது குழந்தைகள் பிரிவில். குதிகாலில் விளக்கு மின்னுகிற ஜோடிதான் அவள் அளவில் கிடைத்தது என்று ஒரு வருடம் முழுக்க மின்னிக்கொண்டே வேலைக்கு வந்தாள். சின்ன வயதில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர், எல்லாம் கால் எட்டியதால் வாங்கியவை. எந்தக் கம்பெனி, என்ன நிறம் என்று யாராவது கேட்டால், "கால் எட்டுச்சு, எடுத்துட்டோம்" என்பாள்.

ஆனால் நோயாளிகள் அதே பாட்டைப் பாடினால் விடமாட்டாள். "எதப் போட முடியுமோ அதக் குடுங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். "முடியறத விடுங்க. புடிச்சதச் சொல்லுங்க. முடிய வெக்கிறது என் வேலை."

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். ஆறடி. கல்யாணமான புதிதில் சமையலறை அலமாரிகளையெல்லாம் கழற்றி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி மாட்டினார். அன்றிலிருந்து இருபத்து நாலு வருடமாக உப்பு டப்பா எடுக்கக்கூடக் குனிகிறார். முதுகு வலிக்கிறதா என்று கேட்டால், "ஃப்ரிட்ஜ் பாக்கறவனுக்குக் குனியற பொழப்புதானே" என்பார்.

போன வருடம் அக்கா பெரிய பைக்குக்கான லைசென்ஸ் எடுத்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "முப்பது வருசமா ஊரையே நடக்க வெச்சாச்சு. இனிமே நான் நடக்கறதா இல்ல."

ஷோரூமில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் நேக்கட் பைக். அதாவது பிளாஸ்டிக் மூடி எதுவும் கிடையாது. எஞ்சினும் குழாயும் சட்டமும் அப்படியே வெளியே. "இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு சட்டை தெச்சுப் போடக்கூடாதா" என்றார் வீட்டுக்காரர். பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை அகலம். "எத வாங்கினாலும் எனக்கு எடமில்ல. அதனால நான் நடுநிலை."

சிவப்பு வண்டி இத்தாலிக் கம்பெனி. டேங்க் என்னவோ சண்டைக்கு நிற்கிறவனின் தோள் மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு கனைப்பு கனைத்தது பாருங்கள், கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பக்கத்தில் சாம்பல் நிற ஜப்பான். வீட்டுப்பாடம் முடித்துவிட்ட பையன் மாதிரி அடக்கமாக நின்றது. அதை ஸ்டார்ட் செய்த விற்பனைக்காரர், ஓடுகிறதா என்று தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மேடம், உங்களுக்கு ஜப்பான்தான் செட் ஆகும்."

"ஏன்?"

அவர் பார்வை அவள் காலுக்குப் போனது. பிறகு அவசரமாகக் கூரைக்குப் போனது. "ஹைட் மேடம். இத்தாலி அரை இஞ்ச் ஜாஸ்தி. சீட்டும் அகலம்."

அரை இஞ்ச்சைப் பற்றி அவளிடமே சொன்னால் சும்மா இருப்பாளா. இத்தாலிச் சாவியை வாங்கினாள். ஷோரூம் வாசலில், கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு. ஏறினாள், நிறுத்தினாள், இடது காலை இறக்கினாள். கால் தரையைத் தேடியது. தரை கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. அதற்குள் வண்டி சாய ஆரம்பித்துவிட, மூன்று ஆண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். வண்டியை மட்டும் பிடித்திருந்தால் பரவாயில்லை. ஒருவர் அவளையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஓரமாக நிறுத்தினார்.

"நாந்தான் சொன்னேனே மேடம்" என்றார் விற்பனைக்காரர். மேட்டில் தானாக நிறுத்தி நின்று காட்டினால்தான் அந்த வண்டியை வெளியே ஓட்டத் தருவார்களாம். அது கடைசி வண்டியாம். சனிக்கிழமை சாயங்காலம் வேறொருவர் பார்க்க வருகிறாராம். "ஜப்பான்னா இப்பவே பில் போட்டுடலாம்."

அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மேசை ஆடியது. ஒரு கால் அரை இஞ்ச் குட்டை. அடியில் மடித்துவைத்த விளம்பரத் தாள் நழுவிக் கிடந்தது. அவள் கை தானாகப் பைக்குள் போனது. பிறகு வெறுங்கையாகவே வெளியே வந்தது. அவள் வாழ்க்கையில் ஒரு மேசையை ஆடவிட்டு எழுந்து வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஜப்பானே எடுத்துக்கலாமேம்மா. அதுவும் நல்ல வண்டிதானே."

"நல்ல வண்டிதாங்க. ஆனா அது என் கால் வாங்கற வண்டி. நாப்பத்தொம்பது வருசமா எல்லாத்தையும் என் காலே வாங்கிட்டிருக்கு. நான் இன்னும் ஒண்ணுகூட வாங்கல."

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சரி. முடியறத விடு. எது புடிச்சிருக்கு?"

அவளுடைய கேள்வியை அவளிடமே திருப்பினால் கோபம் வரவேண்டும். வரவில்லை. யோசித்தாள். "தெரியலங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி கால் ஊனினாத்தான் தெரியும். இப்பக் கேட்டா வீம்புக்கு இத்தாலின்னு சொல்லிடுவேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் தனக்கென்று ஒரு பூட்ஸ் எடுத்தாள். வலது பூட்ஸைத் தொடவில்லை. அந்தக் கால் பிரேக்கில்தானே இருக்கப்போகிறது. இடதுக்கு மட்டும், நுனிவிரல் இல்லாமல் முழுப் பாதமும் ஊன்ற, ரப்பர் ஷீட்டில் அரை அரை இஞ்ச்சாக மூன்று அடுக்கு. வீட்டில் உயரமான ஸ்டூல் மேல் இரண்டு தலையணை கட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினால், பாதம் உள்பக்கம் சரிந்து வழுக்கியது. மறுபடி ஊன்றினாள், மறுபடி வழுக்கியது. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். நாலாயிரம் பேருக்கு அளவெடுத்தவள், தன் காலை நிற்கிற கால் என்று நினைத்து அளவெடுத்திருக்கிறாள். வண்டியில் உட்காருகிறவளின் கால் விரிந்தல்லவா இறங்கும். பூட்ஸின் வெளிப்பக்க ஓரத்தைக் கனமாக்கினாள். சரிந்த பாதம் பூட்ஸ் போட்டதும் நேராக உட்கார்ந்தது.

அடுத்த வம்பு கியர். அடி கனமானதால் பூட்ஸின் மூக்கு கியருக்கு அடியில் நுழையாது. மூக்கை மட்டும் மெலிதாகச் சீவினாள். ஒத்திகைக்கு வீட்டுக்காரர் ஸ்டூல் காலில் மரக்கரண்டி ஒன்றைக் கட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு போடு. மூணு. லாரி வருது, கொற. சிக்னல், நிறுத்து. கால ஊனு."

"லாரி எந்தப் பக்கம் வருது?"

"உன் பின்னாடி. திட்டிட்டே வர்றான்."

நாலாவது கியரில் கரண்டி உடைந்தது. நல்ல சகுனம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு கரண்டி என்று மொத்தம் இரண்டே இருந்த வீட்டில் அதற்குமேல் சகுனம் பார்க்க வழியில்லை.

சனிக்கிழமை காலை ஷோரூம் வாசலில் அக்கா இறங்கி நடந்தாள். ஒரு கால் பூட்ஸ் ஒன்றரை இஞ்ச் உயரம் என்பதால் அவளுடைய தாழ்வாரத்தில் நடக்கிறவர்கள் மாதிரியே ஏறி இறங்கி நடந்தாள். உள்ளே இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தர்கூட முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். தன்னிடம் வருகிறவர்கள் எதையெல்லாம் தாண்டி வருகிறார்கள் என்று அந்த இருபதடியில் அவளுக்குத் தெரிந்தது.

இத்தாலிச் சாவியை வாங்கி, வண்டியோடு மேட்டில் ஏறினாள். நிறுத்தினாள். இடது கால் இறங்கியது. தரை அங்கேயே, அதே நேரத்தில், காத்திருந்தது.

விற்பனைக்காரர் கோழி பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தபடி பின்னால் நின்றார். அக்கா அசையவில்லை. அவர் கையை இறக்கும்வரை போகக்கூடாது என்று வைராக்கியம். அரை நிமிடம் ஆனது.

"கைய எடுங்க தம்பி. வண்டி கூச்சப்படுது."

அவர் கையை இறக்கினார். இத்தாலி கனைத்தது. கேட்டைத் தாண்டித் தெருவில் அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று, ஆறடியும் நிமிர்ந்து, சத்தம் தேய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்து, தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. இருபது வயது குறைந்திருந்தது.

"வழியில என்ன பாத்தே?" என்றார் வீட்டுக்காரர்.

ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்தாள். "சிவப்பா ஒரு டேங்க் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதேதாங்க. காலர் பிடிச்சு இழுத்துட்டுப் போறான். சூப்பரா இருக்கு. வேற எதையும் பாக்க விடல."

சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. விற்பனைக்காரரிடம் கையை நீட்டினாள். "அந்தச் சாம்பல் சாவி குடுங்க."

ஜப்பான் போனது யாருக்கும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் வரவேண்டியவள் முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தாள். வரும்போதே, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே, பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"பாலத்துக்குக் கீழ ஒருத்தி ரெண்டு நாயக் கூட்டிட்டுப் போறா. ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்குது, அவ நடுவுல புத்தகம் படிக்கிறா. அந்தப் பச்சைக் கதவு பேக்கரிய மூடிட்டாங்க, ஜன்னல்ல பூனை மட்டும் இருக்கு. நம்ம தபால்காரர் மூணாவது மாடிக்கு, லிஃப்ட் இருந்தும், வெளிப்படியில ஏறிப் போறாருங்க. கைப்பிடியப் பிடிக்கவே இல்ல..."

பாதியில் நிறுத்தினாள். கீழே பார்த்தாள். வண்டி மேட்டின் நடுவில் நின்றிருந்தது. இடது கால் எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இத்தாலி பில் போட்டுடலாமா மேடம்?" என்றார் விற்பனைக்காரர், மரியாதையெல்லாம் இரண்டு பங்காகி.

"ஜப்பான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதத்தானே மேடம் நான் மொத நாளே சொன்னேன்."

"நீங்க என் காலப் பாத்துச் சொன்னீங்க தம்பி. நான் வண்டியப் பாத்துச் சொல்றேன்."

கையெழுத்துப் போட மேசைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இடது பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்தாள். பையிலிருந்து தோல் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். ஜப்பானுக்கு இரண்டு அடுக்கு போதும். மூன்றாவது அடுக்கின் ஓரத்தில் கத்தியை நுழைத்து, தோசை திருப்புகிற லாகவத்தில் உரித்து எடுத்தாள். அரை இஞ்ச். அதிலிருந்து தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டினாள்.

விற்பனைக்காரர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாகக் கீழே குனிந்து, மேசையின் குட்டைக் காலைத் தூக்கி, அந்தத் துண்டை அடியில் செருகினாள். எழுந்து, மேசையின் மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினாள்.