யாழ்ப்பாணமா, தஞ்சாவூரா

பதுளைக் கடைவீதியில் எங்களுக்குத் துணிக்கடை. கோயில் பஜனைக்கு நான்தான் மிருதங்கம் வாசிப்பேன். கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் அளவுக்குக் கற்க வேண்டும் என்ற ஆசை கல்யாணமான பிறகும் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வித்துவான் வீட்டோடு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூரில் ஒருவர் பள்ளியே நடத்தினார்.

தஞ்சாவூர் என்றதும் அம்மா சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். சரக்கெடுக்க இந்தியா போன என் அண்ணன், திரும்பும் வழியில் மண்டபம் முகாமில் வாந்திபேதி கண்டு இறந்துபோனான். இலங்கைக்கு வருகிறவர்களை, நோய் கொண்டுவந்துவிடுவார்கள் என்று நிறுத்திவைக்கும் இடம் அது.

"போறதுக்கு வழி இருக்கு. வர்றதுக்குத்தான் இல்ல," என்றார் அம்மா.

எனக்கும் அதே பயம். பண்டாரவளை வரை மாட்டுவண்டியில் போய், அங்கே ரயிலேறி யாழ்ப்பாணம் சென்றேன்.

வித்துவான் வீட்டில் மாணவர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தாளம் தப்பியது. வித்துவான் தாளம் தட்டும் கழியால் அவர் விரல்கள்மேல் ஓங்கி அடித்தார். மாணவர் கையை இழுக்கவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை. மதியம் அவர் இடக்கையால் சாப்பிட்டார். வலக்கை விரல்கள் வீங்கி, மடங்காமல் இருந்தன.

"நாளைக்குக் காலமை வந்து வாசிச்சுக் காட்டும். பிழை விட்டால் அடி விழும், பொறுப்பீரோ?" என்று வித்துவான் என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். காலையில் நேரே ரயிலடிக்குப் போய்விட்டேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"கைக்குப் பயந்து அங்கேருந்து வந்துட்டீங்க. உசுருக்குப் பயந்து தஞ்சாவூருக்கும் போகலன்னா, கடைசிவரைக்கும் துணிதாங்க கிழிக்கணும்," என்றாள்.

தஞ்சாவூருக்குப் போனேன். முதல் நாள் வாசித்துக் காட்டும்போது இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. "முதல்ல சாப்பிடு, அப்புறம் பாக்கலாம்," என்றார் ஆசிரியர். அங்கே அடி கிடையாது. தப்பிய இடத்தையே பொழுது சாயும்வரை வாசிக்க வைப்பார். கற்க வேண்டியதைக் கற்றேன். ஆனால் ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க மண்டபம் முகாமே நினைவில் நின்றது.

மண்டபத்தில் எங்களை ஒரு கொட்டகையில் வைத்தார்கள். பக்கத்தில் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் குடும்பம். ஒரு காலையில் கணவருக்கு வாந்தி கண்டது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வந்துருவாருங்களா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"வந்துருவாருங்க," என்றேன். அன்று தண்ணீர் குடிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வரவில்லை. எங்களை விட்ட நாளில் அந்தப் பெண் குழந்தையோடு தனியாகக் கப்பலேறினாள். அலை தூக்கிப் போட்டதில் குழந்தை வீறிட்டது.

"அதைக் கொஞ்சம் தட்டுங்களேன், புள்ள அழுவுது," என்றாள், என் மடியிலிருந்த மிருதங்கத்தைக் காட்டி.

உறையை அவிழ்த்து, மெதுவாக வாசித்தேன்.