நாலாவது காம்பராவின் சாரதி

காலை ஆறேகாலுக்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஹோர்ன் ஒருமுறை அடிக்கும். ஒருமுறைதான். இரண்டாவது தடவை அடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் சுதர்ஷினிக்கு இல்லை, வண்டியை எடுத்துவிடுவாள். அதனால் நான் எத்தனையோ நாள் ஒரு கையில் செருப்பும் மறுகையில் சோற்றுப் பார்சலுமாக ஓடியிருக்கிறேன்.

பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளி தோட்டப் பாடசாலைக்குப் போகும் மூன்று ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. எங்களை ஏற்றிப்போய் இறக்கி, பள்ளி விட்டதும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் தொழில். வயது இருபத்திரண்டு. அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா பெரியாயி கொழுந்து எடுக்கிறார், அப்பா வீரய்யாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. சுதர்ஷினி மூன்று வருடம் டவுனில் ஒரு கடையில் சேலை மடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே லைசன் எடுத்தாள். கொழும்பில் இருக்கும் அண்ணன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி அனுப்பியதும் கடைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். "இனிமே அடுத்தவங்க சேலைய நான் மடிக்க மாட்டேன் டீச்சர்" என்றாள். அந்த மலை வளைவுகளில் எதிரே வரும் பஸ்காரர்கள்கூட அவளுக்குக் கொஞ்சம் ஒதுங்குவார்கள். காரைவிட அவள் வாய்க்குத்தான் பயம் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை அந்த வாய் மூடியே இருந்தது. பாதி வழியில் காரை ஓரங்கட்டி, ஒரு கவரை என்னிடம் நீட்டினாள்.

"இங்கிலீசுல இருக்கு டீச்சர். ஏதோ ரத்துன்னு புரியுது. மிச்சத்த நீங்க சொல்லுங்க."

இன்சூரன்ஸ் கம்பனியின் கடிதம். வாடகை ஓட்டத்துக்கு என்று சொல்லியே எடுத்த பொலிசி, முழுதும் கட்டி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 'உங்கள் முகவரியில் வேறு சாரதிகள் இருப்பதையும், அவர்கள் பதினொரு விபத்துகளில் சம்பந்தப்பட்டதையும் நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். நீங்கள் இளம் சாரதியும்கூட. ஆகவே உங்கள் பொலிசி அடுத்த வாரம் வெள்ளி நள்ளிரவோடு ரத்தாகிறது.'

கடிதத்தில் போன வாரத் தேதி. அந்த வெள்ளிக்கு இனி இரண்டே நாள். தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் ஒபிசுக்குப் போய், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில்தான் பேர் கூப்பிட்டுக் கொடுபடும். பெரியாயி காய்ச்சலில் நாலு நாள் பெரட்டுக்குப் போகவில்லை. கடிதமும் ஒபிசிலேயே படுத்துக் கிடந்தது.

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. எங்களுக்கு வேறு வேன் பிடிப்பது ஒரு போன் கோல். அவளுக்குத் திரும்பவும் சேலை மடிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கசக்கியே விட்டேன். அவள்தான் வாங்கி நீவி மடித்துப் பையில் வைத்தாள்.

வியாழன் பள்ளி விட்டதும் கம்பனியின் பதுளைக் கிளைக்குப் போனோம். மேசையில் இருந்தவர் நளீரா என்ற அலுவலர். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உங்க வீட்டுல முப்பத்தேழு பேர் வண்டி ஓட்டுறாங்க."

"எங்க வீட்டுல முப்பத்தேழு பேர் நிக்கவே எடமில்ல மிஸ்" என்றாள் சுதர்ஷினி.

அப்போதுதான் விளங்கியது. அவளுடைய அடையாள அட்டையில் உள்ள முகவரி, 'ஸ்பிரிங்வெளி தோட்டம், பதுளை'. அவ்வளவுதான். வரிசை வீடுகளான லயத்துக்கோ, அதில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கோ இலக்கம் கிடையாது. தோட்டத்தில் லைசன் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அதே முகவரி. கம்பனிக் கணக்கில் தோட்டம் முழுக்க ஒரே வீடு, ஒரே அடுப்பு. வேறு சாரதிகள் உண்டா என்ற கேள்விக்கு இவள் இல்லை என்று எழுதினாள், உண்மையைத்தான் எழுதினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"பேர வாசிங்க மிஸ், யார் எங்க இருக்காங்கன்னு நான் சொல்றேன்."

நளீரா வாசித்தார்.

"கிரிஷாந்தனா? மேட்டு லயம், ரெண்டாவது காம்பரா. த்ரீவீல்ல போய் மாட்டுல மோதுனாரு. மாட்டுக்கு ஒண்ணுமில்ல. ஜெயராசா? ஃபெக்டரிக்குப் பின்னால. பாவம், அவரு செத்து மூணு வருசமாச்சு. சஜீவன்? அது எங்க மாமா மகன் மிஸ், கோயில் லயம். அவனுக்கு என்ன வேணும்னாலும் செய்ங்க, நான் கேக்க மாட்டேன்."

முப்பத்தேழு பேருக்கும் சொன்னாள், கடைசியில் தன் வீட்டையும்: மேட்டுக்குக் கீழே பணிய லயம், நாலாவது காம்பரா. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நளீரா சிரித்துச் சிரித்து எழுதினார். "எனக்கு விளங்குது. கொழும்பு ஹெட் ஒபிசுக்கு விளங்கணுமே. நீங்க பணிய லயம், நாலாவது காம்பரான்னு கிராம சேவகர்ட்ட கடிதம் எடுங்க. நாளைக்குப் பகலுக்குள்ள குடுத்தா நானே பேசுறேன்."

கிராம சேவகரோ, "கதவுல நம்பரே இல்ல, நான் எப்படி நம்பர் எழுதுறது? காலையில வந்து பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றுவிட்டார்.

அன்று மாலை வீரய்யா கோயில் திருவிழாவில் மிஞ்சிய பச்சை பெயின்டை எடுத்துத் தன் கதவில் நாலு என்று எழுதினார். உடனே பக்கத்து வீட்டுக்காரர்களும் தூரிகையைக் கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. எட்டுக் காம்பரா லயம் அது. கோயில் பக்கமிருந்து எண்ணினால் வீரய்யாவின் வீடு நாலு, பைப் பக்கமிருந்து எண்ணினால் ஐந்து. பைப்படியில் இருக்கும் ராமாமிர்தம் அக்கா, "தண்ணி வர்ற பக்கந்தான் மொத வீடு. நான் எதுக்கு எட்டாம் நம்பரா இருக்கணும்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாராம். சாமி பெரிதா தண்ணீர் பெரிதா என்று ஒரு மணி நேரம் சண்டை.

கடைசியில் சுதர்ஷினி அவரிடம் போய், "அக்கா, நான் நாலுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அஞ்சுன்னு ஆச்சுன்னா நான் பொய் சொன்னவளாயிருவேன், வண்டியும் போயிரும்" என்றாள். அக்கா தூரிகையைப் பிடுங்கித் தன் கதவில் தானே எட்டு எழுதிக்கொண்டார், மற்ற எல்லா எண்ணையும்விடப் பெரிதாக.

வெள்ளி காலை எங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கிராம சேவகர் கதவைப் பார்த்து எழுதிய கடிதத்தோடு அவள் டவுனுக்குப் பறந்தாள். மதியம் நளீராவின் அழைப்பு வந்தது. ரத்து, ரத்தாகிவிட்டது; வண்டி ஓடலாம். சுதர்ஷினி பள்ளி வாசலில் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். நாங்கள் மூவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கதவ நல்லா சாத்துங்க டீச்சர்" என்று அதட்டினாள். எனக்கு அப்போதுதான் நிம்மதி.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பொலிசி தபாலில் வந்தது. தபால்காரர் ஒபிஸ் வாசலில் நின்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேரே பணிய லயத்துக்கு இறங்கி வந்து, "நாலாம் நம்பர் எது?" என்று கேட்டிருக்கிறார். லயமே வெளியே வந்துவிட்டது. கேட்டவருக்குப் பதில் சொன்னது எட்டாம் நம்பர் அக்கா.

வீரய்யா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கவரை வாங்கினாராம். நாங்கள் பின்னேரம் அவள் வீட்டுக்கு டீ குடிக்கப் போனபோதும் அதை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இலக்கம் 4, பணிய லயம் என்று எனக்கு வாசித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் அவருக்கும் வாசித்தார்.

கவரை அதுவரை யாரும் பிரிக்கவே இல்லை.