பிணமாக நடிப்பது

செம்பூரில் நாங்கள் போட்ட நாடகத்தில் எனக்குப் பிண வேஷம். முதல் காட்சி முழுக்கச் செத்துக் கிடக்க வேண்டும், வசனம் கிடையாது. “படுத்துக்கிட்டே கைதட்டு வாங்கவும் ஒரு குடுப்பினை வேணும்” என்று குழுவில் எல்லோரும் கிண்டலடித்தார்கள். அடப் போங்கய்யா! செத்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கஷ்டம். மூச்சு மார்பில் தெரியக்கூடாது, அடிவயிற்றில் ஓட வேண்டும், அதையும் புடவை மடிப்பு மறைக்க வேண்டும். இமையை இறுக்கினால் முழித்திருக்கிறாள் என்று பின்வரிசைக்கே தெரிந்துவிடும். ஆபீஸ் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடிச் செத்துப் பழகினேன். ஒருநாள் பக்கத்திலிருந்தவள் பதறிப்போய், நல்லாத்தானே இருக்கீங்க என்று இந்தியில் கேட்டு உலுக்கினாள்: “ஆன்ட்டி, டீக் ஹோ நா?” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மகளாக நடித்தவள் தாராவிப் பெண். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, திருநெல்வேலிப் பக்கம் ஊரில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். ரயில் பிடித்து இவள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒத்திகையில் மட்டும் எழுதிக் கொடுத்தபடி அழுதாள். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “வேண்டாம்க்கா, நானே செய்யுதேன்” என்றாள்.

நாடகத்தன்று, என்மேல் விழுந்து கதற வேண்டிய இடத்தில் அவள் கதறவில்லை. என் கன்னத்தைத் தொட்டாள். வசனம் மறந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், “எம்மா, வந்துட்டேம்மா. எனக்காவக் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?” என்றாள். நாடகத்தில் இல்லாத பேச்சு அது. அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஐயோ, அந்த விரல்களை ஒருதரம் அழுத்திவிடத் துடித்தேன். அவள் உடம்பு மறைத்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் பிள்ளை பெற்றவள்தானே! ஆனால் அவள் பேசியது என்னோடு இல்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கையைச் செத்த கையாகவே விட்டேன். அவள் வெகுநேரம் அழுதாள்.

திரை விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். “கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுக்காதேடி” என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இல்லக்கா. நீங்க அசஞ்சிருந்தா நாடகமாப் போயிருக்கும். எங்கம்மா மொகத்தப் பாத்துட்டேன்” என்றாள்.