என் மாமியாரின் இரண்டு நாடுகள்

வீடியோ கால் வந்தால் என் மாமியார் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசமாட்டார். அடித்துக்கொண்டிருக்கும் போனை முந்தானையில் பொதிந்துகொள்வார். ஸ்வெட்டர் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் போடுவார். பிறகு எங்கள் காலனிக்கு மேலே இருக்கும் பழைய பங்களாவுக்குப் படியேறிப் போய்விடுவார். அங்கே முன்வாசலில் நீலப்பூ பந்து பந்தாகப் பூத்துக் கிடக்கும் செடிவரிசைக்கு முன்னால் நின்றால்தான் அவருக்குப் பேச்சே வரும். போய்ச் சேர்வதற்குள் மணி அடித்து ஓய்ந்திருக்கும். மூச்சு வாங்க இவரே திரும்பக் கூப்பிடுவார். கேட்டால், "மேல போனாத்தான் டவர் எடுக்குது தாயி" என்பார். எங்கள் வாசற்படியில் டவர் அருமையாக எடுக்கும். கொரோனா காலத்தில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் பாடம் நடத்தினேன்.

அந்தப் பக்கம் பேசுவது அவருடைய ஒரே தங்கை. இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர். தோட்டத்துத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில், அக்காவின் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி வந்தது, தங்கையின் புருஷன் வீட்டுக்கு இலங்கை என்று எழுதி வந்தது. அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் புருஷனோடு கப்பலேறிய என் மாமியார், மண்டபம் முகாமில் சில மாதங்கள் கிடந்து, கடைசியில் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. முதலில் கடிதம், பிறகு எப்போதாவது போன், அப்புறம் இந்த வீடியோ கால்.

பங்களாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் காட்டில் காண்ட்ராக்டருக்கு மரப்பட்டை உரிக்கும் வேலை. பிளாஸ்டிக் தாளைக் கட்டி அதற்குள்தான் குடித்தனம். பல வருஷம் கழித்துதான் இந்தப் பங்களாவில் தோட்டவேலை கிடைத்திருக்கிறது. ஒருநாள் ஏரிப்பக்கம் படம் எடுத்துப் பிழைக்கும் போட்டோக்காரர் ஒருவர் பங்களாவுக்கு வந்தவர், பிலிமில் மிச்சம் இருக்கிறதென்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். பின்னால் பங்களா, ஓட்டுக்கூரை, புகைபோக்கி எல்லாம் விழுந்திருந்தது. அதை என் மாமியார் தங்கைக்கு அனுப்பினார். தேயிலைத் தோட்டத்தில் பங்களா என்றால் துரை இருக்கிற இடம். கூலிக்காரர்கள் வாசலில் செருப்புப் போட்டுக்கூட நிற்க முடியாத இடம். தங்கை அந்தப் படத்தைத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, "இது உங்க வீடா அக்கா?" என்று எழுதிக் கேட்டார். என் மாமியார் அடுத்த கடிதத்தில் எல்லோருடைய நலத்தையும் விசாரித்தார், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. நாற்பது வருஷத்துப் பொய்யில் அவர் செய்தது அவ்வளவுதான். பங்களா கைமாறி ஹோம்ஸ்டே ஆனபோதும் பெருக்குகிற வேலையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பங்களா வாசலில் நின்று இந்தியாவின் புகழ் பாடுகிறவர் படியிறங்கி வீட்டுக்குள் வந்ததும் இலங்கைக்காரி ஆகிவிடுவார். மேலே, "இங்க எல்லாத்துக்கும் ஓட்டு இருக்கு, ரேசன்ல அரிசி சும்மாவே குடுக்குறாங்க, புள்ளைங்க படிக்கச் சைக்கிள் குடுக்குறாங்க" என்று அடுக்குவார். கீழே வந்து அடுப்பை மூட்டும்போது, "அங்கயா இருந்தா இந்தத் தண்ணிக்கு இந்தப் பாடு படணுமா" என்று ஆரம்பிப்பார். பால் கொடுக்கிற தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே பிள்ளைக்காம்பரா என்று ஓர் அறை உண்டு; காய்ச்சல் வந்தால் நடக்கிற தூரத்தில் டிஸ்பென்சரி உண்டு; பிரசவத்துக்கு மருத்துவச்சி உண்டு. "ஒங்க மேல்மலையில என்னா இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் மேல்மலையில் பூண்டு போடும் வீட்டுப் பெண். என் வீட்டார் 'சிலோன்காரங்க வீட்டுக்கா' என்று முகம் சுளித்த கல்யாணம் எங்களுடையது. பிரசவத்துக்குத் தன்னைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நான்கு பேர் ரோட்டுக்கு நடந்த நாளில்தான் நான் வழியிலேயே பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். அதனால் மாமியாரிடம் வாயைத் திறக்க வழியிருக்காது.

பாடப்புத்தகத்தில் நாடுகளின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிடும் அட்டவணை ஒன்று வரும். எத்தனை வயதுவரை வாழ்கிறார்கள், எத்தனை வருஷம் படிக்கிறார்கள் என்று வரிசை போட்டிருக்கும். அதில் இலங்கை நமக்கு மேலே இருப்பதைப் பார்த்து ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் அதைச் சும்மா விட்டால்தானே. "புஸ்தகத்துலயே போட்டுருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், பால்காரரிடம், என் கணவரின் டாக்ஸியில் ஏற வந்த ஒரு சுற்றுலாக் குடும்பத்திடம்கூடச் சொன்னார். எந்த நாடு கண்ணெதிரில் இல்லையோ அந்த நாட்டுக்காக வாதாடுகிறவர் என்று நான் அவரைக் கேலி செய்வேன். சிரிப்பார், மறுக்கமாட்டார்.

என் மூத்த மகள் கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றுதான் எனக்கு விவரம் தெரிந்தது. வார்டில் நர்ஸ் குழந்தையை எடை போட்டு, துணியும் சோப்பும் இருக்கிற பையைக் கொடுத்துவிட்டுப் போனார். என் மாமியார் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மொதப் புள்ள காட்டுலதான் தாயி பொறந்துச்சு. மழ. தூக்கிட்டுப் போக ஆளில்ல. ரெண்டு நாளு இருந்துச்சு. அங்கயா இருந்திருந்தா பொழச்சிருக்கும்." என் கணவருக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் 'அங்கயா இருந்தா' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

இலங்கையில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் வந்தது. செய்தி ஓடும்போது என் மாமியார் டிவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வரிசையில் தெரியும் முகங்களில் தங்கையைத் தேடுவார். அடுத்த வீடியோ காலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். தங்கை இளைத்திருந்தார். ரொட்டிக்கு மாவு கிடைப்பதே அபூர்வம் என்றார், மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்புவதில்தான் பிழைப்பு ஓடுகிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அக்கா, ஒங்க பங்களாவுல அத்தன காம்பரா சும்மாத்தானே கெடக்கு. ஒரு காம்பராவுல நான் கொஞ்ச நாளைக்கு வந்து கெடக்கட்டுமா? மக டிக்கட்டு எடுத்துத் தர்றேங்குறா" என்று கேட்டார். என் மாமியாரின் முகத்தை நான் பார்த்தேன். அவர் பின்னால் திரும்பி அந்தப் பங்களாவை ஒருமுறை பார்த்தார். "பாப்போம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு தங்கை கூப்பிட்டால் எடுக்கவில்லை. போன் அலமாரி மேல் அடித்துக்கொண்டிருக்கும், இவர் ஏதாவது சோலி இருப்பதுபோல் வெளியே போய் விறகை அடுக்குவார். பத்து நாளில் அழைப்பு குறைந்து, பிறகு வருவதே நின்றது. பசியோடு இருக்கிற தங்கை, வசதியாக இருக்கிற அக்கா கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதைத் தாங்க முடியாமல் இவர் இங்கே சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். "உண்மையச் சொல்லிட்டா என்ன அத்தை?" என்றேன். "அவ எம்புட்டுச் சந்தோசப்பட்டா தெரியுமா. லயத்துல ஒரு காம்பராவுல ஏழு பேரு படுத்தோம். நம்மள்ல ஒருத்தி பங்களாவுல இருக்கான்னு நாப்பது வருசமா நெனச்சுக்கிட்டிருக்கா. அதையும் புடுங்கவா?" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அவர் தங்கையை, என் சின்னத்தையை, நானே கூப்பிட்டேன். ஒன்றும் விளக்கம் சொல்லாமல் போனைத் திருப்பி வீட்டைக் காட்டினேன். சமையலறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எல்லோருக்கும் பொதுவான ஒரு படுக்கையறை, வாசலில் வரிசையாக வைத்த தண்ணீர்க்குடங்கள், ஜன்னல் வழியே மேலே தெரிகிற பங்களா, அதன் வாசலைக் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிற அவருடைய அக்கா. சின்னத்தை போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். அப்புறம், "அக்காவுக்கு என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன் மகள்" என்றார். அழுதுகொண்டே இருந்தார்.

சாயந்திரம் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. என் பக்கம் பார்க்காமலேயே சோறு போட்டார். செய்தது தப்போ என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், திரும்பாமல் கேட்டார்: "எப்ப வர்றாளாம்?"

பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து அவர் மதுரைக்கு வந்து இறங்க நான்கு மாதம் ஆனது. என் கணவர் டாக்ஸியில் அழைத்து வந்தார். அன்று என் மாமியார் காலையிலிருந்து தரையை மூன்று தடவை கழுவிவிட்டார். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டும் அவர் வெளியே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சின்னத்தை படியிறங்கி வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். இருபதை ஒட்டிய வயதில் பிரிந்தவர்கள், இரண்டு கிழவிகளாக நின்றார்கள். "வீடு சின்னது, குனிஞ்சு வா, தல இடிக்கும்" என்பதுதான் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை.

தேத்தண்ணி குடிக்கும்போது சின்னத்தை சுற்றிலும் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான் ஒரு மாசம் இருப்பேனே, யாருகிட்டச் சொல்லணும்?"

"எதுக்குச் சொல்லணும்?"

"ஆளு வந்து தங்குனா ஆபீஸுல சொல்ல வேணாமா?"

"இங்க ஏது ஆபீஸு. இது நம்ம வீடு."

"நம்ம வீடுன்னா? நீயும் மகனும் வேலைக்குப் போகாட்டி எறங்கச் சொல்லமாட்டாங்களா?"

"யாரு சொல்றது? பட்டா எம் பேருலதானே இருக்கு" என்றார் என் மாமியார், பால் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல.

சின்னத்தை டம்ளரைக் கீழே வைத்தார். கையை நீட்டிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து வைத்துக்கொண்டார். அவருடைய தாத்தா பிறந்ததும் அவர் பிறந்ததும் அவர் பேரப்பிள்ளைகள் பிறந்ததும் லயத்துக் காம்பராவில்தான். இன்றைக்கும் அது தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் அதில் இருக்கலாம். கொழும்புக்குப் போய் நல்லபடியாகப் பிழைத்திருக்க வேண்டிய மகனை, அந்த ஒரு காம்பராவுக்காகவே கொழுந்து மூட்டை தூக்க நிறுத்தி வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். என் அட்டவணையில் இதற்கு ஒரு வரிசை கிடையாது.

பிறகு அக்காவைப் பார்த்தார். "பங்களாவ இத்தன வருசமாக் காட்டுனியே அக்கா. இத ஏன் ஒரு தடவகூடச் சொல்லல?"

போன வருஷம் இறந்துபோன என் மாமியார் அன்று அதைக் கேட்டதும் எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து, துணிகளுக்கு அடியில் கிடந்த பட்டாவை எடுத்து, வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கிராமம், சர்வே நம்பர், மூன்று சென்ட் என்று வாசித்து அவர் பெயருக்கு வந்தேன். "அக்கா பேர இன்னொரு தரம் வாசிங்க மகள்" என்றார் சின்னத்தை. வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கச் சொன்னது என் மாமியார்.