ஒலியைக் கூட்டிய கை

எருமப்பட்டியில் மைக் செட் வைத்திருந்த தனசேகர், எங்கள் பகுத்தறிவு மன்றத்தில் சேர்ந்த ஆண்டிலேயே கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதை விட்டுவிட்டார். தொழிலில் பாதி அதுதான். யாரும் அவரை விடச் சொல்லவில்லை. "சாமி இல்லைன்னு பேசறதுக்கு ஒரு நாளு கட்டிப்போட்டு, மறுநாளு சாமிக்கே கட்டறதாங்க?" என்றார். மேடையில் முழங்கிய எங்களில் பலர், வீட்டுக் காதுகுத்து என்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தோம்.

அவர் வீட்டில் பிரபா என்பவரும் இருந்தார். ரிக் லாரி ஓட்டுநர். வட மாநிலங்களில் போர்வெல் போட்டுவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்புவார். எட்டு ஆண்டுகளாக அப்படித்தான். மன்றச் செயலாளர் என்ற முறையில் அந்த வீட்டில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். அந்த இரண்டு ஆண்களும் இணையராக வாழ்ந்தார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் முக்கியப் பேச்சாளர் அன்பரசுவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரணியின் கூட்டணியைப் பற்றிப் பேசும்போது, "ரெண்டு தலைவருங்களும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்களே, அதுல யாரு புருசன், யாரு பொண்டாட்டி?" என்று கேட்பார். கேட்பதற்குச் சற்று முன் வலக்கை விரலை உயர்த்துவார். ஒலியைக் கூட்டு என்று பொருள். தனசேகர் கூட்டுவார். கூட்டம் சிரிக்கும்.

ஒரு நாள் திருச்செங்கோட்டு டீக்கடையில் தனசேகர் என்னிடம் பேச்செடுத்தார்.

"தோழர், அந்தப் பேச்சு மட்டும் நம்ம மேடையில வேண்டாமுங்க. எதிரிய அடிக்கறதுக்கு எங்களையா கல்லா எடுக்கறது?"

'எங்களை' என்று அவர் சொன்னது அன்றுதான் முதல்முறை.

"மொதல்ல சாதி ஒழியட்டும் தோழர். இதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"சாதிய அப்பறம் பாத்துக்கலாம்னு சொன்னவங்களத்தானுங்களே நாம இத்தன வருசமாத் திட்டறோம்?"

சிரித்தேன். ஒரு நகைச்சுவையைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றும் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் அன்பரசுவின் விரல் உயர்ந்தது. ஒலி நின்றுபோனது, அவர் வாய் மட்டும் அசைந்தது. ஓடினேன். ஆம்ப்ளிஃபயர் முன்னால் தனசேகர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃபியூஸ் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. நாந்தான் நிறுத்துனேன்."

அவரைத் தாண்டிக் குனிந்து நானே குமிழைத் திருப்பினேன். தேவைக்கு மேலேயே திருப்பினேன். அன்பரசு முதலிலிருந்து மறுபடி சொன்னார். சிரிப்பு முன்னைவிடப் பலமாக எழுந்தது. தனசேகர் மேடையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. மைக் செட்டை விற்றுவிட்டு பிரபாவோடு லாரியில் போய்விட்டார் என்றார்கள். அவர் எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள்.

செத்தவர்கள் ஆவியாக வருவதை நான் நம்பியதில்லை. உயிரோடு எங்கோ இருக்கும் ஒருவர், கூட்டம்தோறும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து என் கையைப் பார்ப்பதை என்னவென்று சொல்வது?

சென்ற மாதம் செயற்குழுவில், அந்தப் பேச்சு இனிக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். சமத்துவத்துக்கு வரிசை எண் கொடுப்பவன் அர்ச்சகரைவிட எந்த விதத்தில் மேல் என்று கேட்டேன். அன்பரசு கோபப்படவில்லை.

"அப்பறம் பாத்துக்கலாம் தோழர்" என்றார்.

அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

வரும் ஞாயிறு மாலை எருமப்பட்டியில் கூட்டம். பேச்சாளர் அன்பரசு. ஆம்ப்ளிஃபயர் அருகில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.