எழுநூற்றுப் பன்னிரண்டாவது வரன்

அறிவுச்செல்வியால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பத்து வரி புரோகிராம் எழுதுவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கீழே வத்தலக்குண்டு பஸ் போகிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்து அந்தப் பத்து வரியையும் அழிப்பாள். பக்கத்து மேசையிலிருந்து 2008 முழுக்க இந்தக் கூத்தைப் பார்த்தவள் நான். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் திண்டுக்கல்லில் அவளைப் போல வேலை தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை.

கன்னிவாடியில் பிறந்து சேவுகம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள். இருபத்து நாலு வயதில் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். அதன் பிறகும் மாமியார் வீட்டில்தான் இருந்தாள். அங்கே யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவளுக்குச் சிக்கல். மறுபடி கல்யாணம் செய்துகொள்ள ஆசை என்று அந்த நல்ல மனிதர்களிடம் எந்த வாயால் சொல்வது? என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், அதுவும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு.

அப்போது கல்யாணத் தரகர் பொன்னுத்துரைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். பி.எச்.பி. மொழியில், கோட்இக்னைட்டர் என்ற சட்டகத்தை வைத்து எழுதினோம். டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொரு வரியும் ஒரு ஆப்ஜெக்ட்டாக வரும். அறிவு அதை ‘ஆளு’ என்பாள். பெயர், ஊர், குலசாமி எல்லாம் அந்த ஆளிடமே இருக்கும், கேட்டால் சொல்லும். ஒரே குலசாமி என்றால் பங்காளி, பட்டியலில் வரக்கூடாது. கணவனை இழந்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலசாமி, ஆனால் பிறந்த வீட்டுச் சாமியைக் கும்பிடுகிறவர்களையும் தள்ள வேண்டும் என்றார் பொன்னுத்துரை. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த வேதக்காரியான எனக்கு இதை விளக்க அவளுக்கு ஒரு மத்தியானம் ஆனது.

அவள் எழுதியது சுலபமான வழி. அந்தப் பெண்ணுடைய ‘ஆளு’க்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் பிறந்த வீட்டுச் சாமியைப் போட்டு, அசலையும் நகலையும் தனித்தனியாக மாப்பிள்ளைகளோடு ஒப்பிடுவது. எங்கள் கம்ப்யூட்டரில் பிசகில்லாமல் ஓடியது. சோதனைக்கு என்று சொல்லி, கணவனை இழந்த ஒரு பெண்ணின் விவரத்தையும் ஏற்றினாள். எழுநூற்றுப் பன்னிரண்டாவது எண். எட்டிப் பார்த்தேன், அவளுடைய பெயர்தான். என் திரைக்குத் திரும்பிக்கொண்டேன்.

சைட்டை சர்வரில் ஏற்றிய அன்று பொன்னுத்துரை வந்து உட்கார்ந்தார். “மறுமணக் கேஸு ஒண்ணு காட்டும்மா,” என்றார்.

இருந்தது ஒன்றே ஒன்றுதான். அறிவு என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் தட்டினாள். முதல் மாப்பிள்ளையாக யோகேஷ், சேவுகம்பட்டி என்று வந்தது. அவளுடைய சொந்தக் கொழுந்தன். எனக்கே உடம்பு கூசிவிட்டது.

“என்னம்மா இது, புருஷன் வீட்டு ஆளுகளும் வாராக,” என்றவர், மேலே இருந்த பெயரைப் படித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அறிவு எழவில்லை. மடமடவென்று பேசினாள். “எங்க கம்ப்யூட்டர்ல பழைய பி.எச்.பி. அண்ணே. அதுல ஒரு ஆள இன்னொரு பேருக்குக் குடுத்தா நகல் விழும். சர்வர்ல புதுசு. நகல் விழாது, ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான். நகல்ல சாமிய மாத்துனேன், அசலும் மாறிப்போச்சு.” சொல்லிக்கொண்டே, நகல் எடுக்கச் சொல்லும் குளோன் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாள். யோகேஷ் போய்விட்டான். பட்டியலில் பதினோரு பேர் மிஞ்சினார்கள்.

பொன்னுத்துரை குரலைத் தாழ்த்தினார். “இந்த வரன் சும்மா சோதிக்கப் போட்டதாம்மா? அழிச்சிருவமா?”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“வேணாம்ணே. நெசமாத்தான் போட்டேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய விவரத்தை மேலிருந்து படித்தார். ஒரு இடத்தில் நின்றார். “சாதகம் ஏத்தாம விட்டுருக்கியே?”

“அது மாமியா பொட்டியில இருக்கு,” என்றாள் அறிவு. “இன்னிக்கிப் போயிக் கேக்குறேன்.”